ஷோரூம் கொட்டேஷனும் பன்னிரண்டு வருட வண்டியும்

கேள்வி:

ஐயா, அணைக்கட்டு பக்கம் எங்கள் ஊர். வேலூரில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கு எழுதுகிறேன். போக வர தினம் 44 கிலோமீட்டர். 2013இல் 53,000 ரூபாய்க்கு எடுத்த ஸ்ப்ளெண்டர்தான் இன்னும் ஓடுகிறது. மீட்டர் 1,10,000 காட்டி நின்றுவிட்டது. காலையில் எடுக்கும்போது புகை விடுகிறது, ஆயில் குறைகிறது, செல்ஃப் வேலை செய்வதில்லை. அதே ரகத்தில் புது வண்டிக்கு ஷோரூமில் 93,400 ரூபாய் என்று கொட்டேஷன் கொடுத்தார்கள். ஜி.எஸ்.டி. 10 சதவீதம் குறைந்ததாகச் சொன்னார்களே, விலை அவ்வளவு குறையவில்லையே என்று கேட்டால் சிரிக்கிறார்கள். ஜனவரியில் மறுபடி ஏறுமாம். 13,400 கட்டிவிட்டு மாதம் 2,956 டியூ போட்டுக்கொள்ளுங்கள் என்கிறார்கள். சேண்பாக்கத்தில் ஒரு பழைய வண்டி வியாபாரி 2019 மாடல் ஒன்றை 58,000க்குத் தருகிறேன் என்கிறார். கல்லூரியில் படிக்கும் மகன், “எடுப்பதுதான் எடுக்கிறோம், 350 சிசியாக எடுப்போம், டியூதானே” என்கிறான். மனைவி, இருப்பதையே ரிப்பேர் பண்ணச் சொல்கிறார். விலை இறங்கும் என்று மூன்று வருடம் காத்திருந்து ஏமாந்தவன் நான். என்ன செய்யலாம்?

பதில்:

உங்கள் வீட்டம்மா சொல்வதுதான் சரி. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், மீதியை நீங்கள் பதற்றமில்லாமல் படிக்கலாம்.

ஆனால் அவர் சொல்வதற்கும் நான் சொல்வதற்கும் காரணம் வேறாக இருக்கலாம். நான் பதினாறு வருடம் ஷோரூம் சர்வீஸ் பிரிவில் இருந்துவிட்டு, இப்போது சத்துவாச்சாரியில் சொந்தமாக மெக்கானிக் கடை வைத்திருக்கிறேன். புது வண்டி விற்றவர்களோடும் இருந்திருக்கிறேன், பழைய வண்டியை விட மனமில்லாதவர்களோடும் இருக்கிறேன். இந்த இரண்டு தரப்பும் பார்க்க மறக்கிற ஒரு கணக்கு உண்டு. அதற்கு வருவதற்கு முன்னால் உங்கள் ஜி.எஸ்.டி. சந்தேகம்.

ஷோரூம்காரர் சிரித்திருக்க வேண்டாம், விளக்கியிருக்கலாம். 28 சதவீதம் 18 ஆனால் விலையில் 10 சதவீதம் குறையாது. வரி சேர்த்து 1,00,000 ரூபாய்க்கு விற்ற வண்டியின் அசல் விலை 78,125. அதன் மேல் 28 சதவீதம் போட்டால்தான் லட்சம் வரும். அதே அசலில் 18 சதவீதம் போட்டால் 92,187. ஆக, குறைந்தது 7,800 சொச்சம். உங்களை யாரும் ஏமாற்றவில்லை. சதவீதம் எதன் மேல் போடப்படுகிறது என்பதில்தான் குழப்பம்.

2025 ஆகஸ்ட் 15 அன்று வரி குறையப்போகிறது என்ற பேச்சு வந்ததிலிருந்து செப்டம்பர் 22 வரை ஐந்து வாரம் ஷோரூம்களில் ஈ ஓட்டினார்கள். முன்பணம் கட்டியவர்கள்கூட டெலிவரியைத் தள்ளிப் போடச் சொன்னார்கள். 22ஆம் தேதி வரி இறங்கியது, அன்றே நவராத்திரியும் தொடங்கியது. அப்புறம் ஆயுத பூஜை வரைக்கும் பூ மாலை போட்ட வண்டிகளாகவே தெருவில் பார்த்தோம். உங்கள் மூன்று வருடக் காத்திருப்புக்கு ஏதாவது பலன் கிடைத்ததென்றால், அது இந்த ஒரு இறக்கம்தான். இன்னொன்று வரும் என்று காத்திருக்காதீர்கள். கம்பெனிக்காரர்கள் தாங்களாக விலையைக் குறைத்து நான் பார்த்ததில்லை.

சரி, 53,000 எப்படி 93,400 ஆனது? அதில் ஒரு பகுதியைச் சட்டம் ஏற்றியது. 2018 செப்டம்பரிலிருந்து புது இருசக்கர வண்டிக்கு ஐந்து வருடத் தேர்டு பார்ட்டி இன்சூரன்ஸை ஒரே தடவையில் கட்ட வேண்டும். உங்கள் ரகத்துக்கு அது 3,851 ரூபாய், அதன் மேல் 18 சதவீத வரி. 2013இல் ஒரு வருடத்துக்கு மட்டும் கட்டினீர்கள். 2019 ஏப்ரலில் 125 சிசி வரைக்கும் இரண்டு பிரேக்கும் சேர்ந்து பிடிக்கும் அமைப்பு, அதற்கு மேல், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். கட்டாயமானது. அதே மாதம் உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட்டும் வந்தது. 2020 ஏப்ரலில் புகைக் கட்டுப்பாட்டு விதியான பி.எஸ்.6. கார்ப்பரேட்டர் போய் ஃபியூல் இன்ஜெக்‌ஷன் வந்தது, சைலன்சருக்குள் விலை கூடிய உலோகங்கள் பூசிய வினையூக்கி பெரிதானது. அந்த ஒரு மாற்றத்தில் மட்டும் சாதாரண வண்டிக்கே ஐந்தாறு ஆயிரம் ஏறியது. 2023 நவம்பரில் நம் மாநிலத்தில் ஆயுள் வரி கூடியது. முன்பு 8 சதவீதம். இப்போது ஒரு லட்சம் ரூபாய் வரையிலான வண்டிக்கு 10, அதைத் தாண்டினால் 12.

இவ்வளவும் சேர்ந்தும் பன்னிரண்டு வருடத்தில் வருடத்துக்கு 5 சதவீதம்கூட ஏறவில்லை. 2013இல் மூவாயிரத்துக்குள் இருந்த ஒரு கிராம் தங்கம் 2025 முடிவில் பன்னிரண்டாயிரத்தைத் தொட்டது. வண்டி விலை கண்ணை உறுத்துவதற்குக் காரணம் வண்டியை விட நம் சம்பளம்தான். அதை இந்தப் பகுதியில் தீர்க்க முடியாது.

இப்போது நான் சொன்ன கணக்கு. விலையைப் பார்க்காதீர்கள், அந்தப் பணத்துக்கு எத்தனை கிலோமீட்டர் கிடைக்கிறது என்று பாருங்கள். நீங்கள் மாதம் 26 நாள் வேலைக்குப் போனால் வருடத்துக்கு 13,700 கிலோமீட்டர் ஓட்டுகிறீர்கள். ஊர்க்கோடிக்குப் பால் வாங்கப் போகிறவருக்கும் உங்களுக்கும் ஒரே ஆலோசனை பொருந்தாது.

புது வண்டியை எடுத்துக்கொள்வோம். 13,400 கையில் கட்டி, 80,000 கடன். “11 சதவீத வட்டி சார், பேங்க் மாதிரி” என்று சொல்லியிருப்பார்கள். 80,000க்கு வருடம் 8,800 வட்டி, மூன்று வருடத்துக்கு 26,400. மொத்தம் 1,06,400. அதை 36ஆல் வகுத்தால் உங்கள் 2,956 வந்துவிடும். இதற்குப் பெயர் ஃபிளாட் வட்டி. கடைசி மாதம் நீங்கள் தர வேண்டிய அசல் மூவாயிரத்துக்குள் இருக்கும்போதும், முதல் நாள் வாங்கிய 80,000க்கே வட்டி போடுகிறார்கள். குறைந்து வரும் அசலுக்குக் கணக்குப் போட்டால் உண்மையான வட்டி ஏறக்குறைய 19.5 சதவீதம். 2024 அக்டோபரிலிருந்து இது போன்ற கடனுக்கு ‘முக்கிய விவரங்கள்’ அடங்கிய தாள் ஒன்றை, கடன் வாங்குகிறவருக்குப் புரிகிற மொழியில், முன்கூட்டியே கொடுக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. எல்லாக் கட்டணமும் சேர்த்த ஆண்டு வட்டி விகிதம் அதில் இருக்கும். கையெழுத்துப் போடுவதற்கு முன் அந்தத் தாளைக் கேளுங்கள். கேட்டவுடன் விற்பனையாளர் முகம் மாறினால், அதுவும் ஒரு தகவல்தான்.

ஆக, புது வண்டி உங்களுக்கு 1,19,800 ரூபாய். ஒழுங்காக ஆயில் மாற்றினால் பெரிய செலவு இல்லாமல் 1,20,000 கிலோமீட்டர் ஓடும். கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய்.

சேண்பாக்கத்து வண்டி 58,000. இதில் பெயர் மாற்றம், இன்சூரன்ஸ், வாங்கிய கையோடு செய்ய வேண்டிய வேலை என்று குறைந்தது 8,000 சேருங்கள். 66,000. ஆறு வருடம் யாரோ ஓட்டிய வண்டியில் உங்களுக்கு மிச்சம் 50,000 கிலோமீட்டர் இருந்தால் நல்லது. கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய் முப்பது காசு. மலிவு என்று நினைத்ததுதான் மூன்றிலும் விலை கூடியது! புது வண்டி விலை ஏறும்போதெல்லாம் இதுதான் நடக்கிறது. எல்லோரும் பழைய வண்டிப் பக்கம் திரும்புவதால் அந்த விலையும் கூடவே ஏறிவிடுகிறது. புது வண்டியின் விலையில் அறுபது சதவீதத்துக்குமேல் கேட்கும் ஆறு வருட வண்டியை நான் தொட மாட்டேன். 35,000 என்றால் பேசலாம்.

பேசுவதாக இருந்தாலும், செவ்வாய்க்கிழமை பொய்கைச் சந்தையில் மாடு பிடிப்பவர் பார்ப்பது போலப் பார்க்க வேண்டும். அவர் பல்லைப் பார்க்காமல் துண்டுக்குள் கையை விட மாட்டார். 2019 வண்டியின் ஐந்து வருடத் தேர்டு பார்ட்டி இன்சூரன்ஸ் 2024லேயே முடிந்திருக்கும், அதற்குப் பிறகு புதுப்பித்தார்களா என்று முதலில் கேளுங்கள். பாதிப் பேர் புதுப்பிப்பதில்லை. எம்-பரிவாகன் செயலியில் நம்பரைப் போட்டால் ஃபைனான்ஸ் பாக்கி நிற்கிறதா என்று தெரிந்துவிடும். எச்.பி., அதாவது ஆர்.சி.யில் இருக்கும் ஃபைனான்ஸ் அடமானக் குறிப்பு, ரத்தாகாத வண்டிக்கு ஒரு ரூபாய்கூட முன்பணம் கொடுக்காதீர்கள். அப்புறம், சீட்டைக் கழற்றி ஃபிரேமின் இடுக்குகளில் விரலை விட்டுப் பாருங்கள். மாவு போல நைஸான களிமண் ஒட்டினால் வண்டி தண்ணீரில் மூழ்கியது. 2021 நவம்பரில் பாலாறு கரை புரண்டதையும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் சென்னை மூழ்கியதையும் வண்டியைக் கழுவி மறைக்கலாம், ஹெட்லைட் கிண்ணத்துக்குள் படிந்த கோட்டை மறைக்க முடியாது. நானே ஒரு முறை பளபளப்பைப் பார்த்து ஏமாந்து, மூன்று மாதத்தில் வயரிங் முழுவதும் மாற்றியிருக்கிறேன். மெக்கானிக்குக்கே அந்தக் கதி.

இனி உங்கள் பழைய வண்டி. நீங்கள் எழுதியதில் எனக்கு நம்பிக்கை தந்த வார்த்தை ‘காலையில்’. இரவெல்லாம் நின்ற வண்டியைக் காலையில் எடுக்கும்போது மட்டும் புகை வந்து, ஒரு நிமிடத்தில் நின்றுவிட்டால் அது பெரும்பாலும் வால்வு சீல். ரப்பர் காய்ந்து, ஆயில் சொட்டுச் சொட்டாக உள்ளே இறங்கியிருக்கும். ஹெட்டை மட்டும் கழற்றிச் செய்கிற வேலை, இரண்டாயிரத்துக்குள் முடியும். ஓடும்போதும், ஆக்ஸிலேட்டரை முறுக்கும்போதும் பின்னால் வருகிறவர் மூக்கைப் பொத்துகிற அளவுக்குப் புகை வந்தால் அது ரிங், பிஸ்டன் கதை.

இதை நீங்களே பார்க்கலாம். ஞாயிற்றுக்கிழமை காலை, வண்டி குளிர்ந்திருக்கும்போது சாவியை அணைத்துவிட்டு, கிக்கரைக் கையால் மெதுவாக அமுக்குங்கள். ஓரிடத்தில் கெட்டியாக எதிர்த்து நிற்க வேண்டும். வெண்ணெயில் கத்தி இறங்குவது போல இறங்கினால் கம்ப்ரஷன் போய்விட்டது. அப்புறம் பிளக்கைக் கழற்றி முனையைப் பாருங்கள். வறுத்த காபிக் கொட்டை நிறம் என்றால் எஞ்சின் நலம். கரி போல உலர்ந்த கறுப்பு என்றால் பெட்ரோல் அதிகம் போகிறது, கார்ப்பரேட்டரைத் திருத்தினால் போதும். ஈரமான, எண்ணெய் மினுக்கும் கறுப்பு என்றால்தான் ஆயில் எரிகிறது. ஆயில் கம்பியில் இன்றைய அளவைக் குறித்துக்கொண்டு ஆயிரம் கிலோமீட்டர் கழித்து மறுபடி பாருங்கள். 100 மில்லிக்குள் குறைந்தால் பயப்பட ஒன்றுமில்லை.

செல்ஃப் வேலை செய்யாததற்கு பேட்டரி அல்லது மோட்டாருக்குள் இருக்கும் கார்பன் பிரஷ்தான் காரணமாக இருக்கும். பிரஷ் சில நூறு ரூபாய். பலர் இதற்காகவே வண்டியை விற்றுவிடுகிறார்கள், சிரிப்புதான் வருகிறது.

மோசமான நிலையையே கணக்கில் எடுப்போம். எஞ்சினைப் பிரித்து பிளாக், பிஸ்டன் மாற்றி, டைமிங் செயின், கிளட்ச் பிளேட், ஹெட் வேலை எல்லாம் கூலியோடு 10,000 ஆகும். செயின் ஸ்ப்ராக்கெட், பேட்டரி, கோன் செட்டுக்கு இன்னொரு 3,000. டயர் இரண்டும் 3,000. வேலூர் வெயிலில் நாளெல்லாம் நிற்கிற வண்டிக்கு டயர் தேய்வதற்கு முன்பே பக்கவாட்டில் வெடிப்பு விட்டுவிடும், பார்க்கவும். பெட்ரோல் டியூபையும் கார்ப்பரேட்டர் ரப்பர்களையும் மறக்காமல் மாற்றச் சொல்லுங்கள். இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். 2013 வண்டியின் ரப்பர்கள் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. ஆக மொத்தம் 16,000. இதற்கு இன்னும் 40,000 கிலோமீட்டர், உங்கள் ஓட்டத்துக்கு மூன்று வருடம். கிலோமீட்டருக்கு 40 காசு.

ஒரு எச்சரிக்கை. எஞ்சினைப் பிரித்த பிறகு, “இதையும் மாற்றிடலாம் சார்” என்று பட்டியல் நீளும். பிரிக்கும்போது கூடவே நில்லுங்கள், மாற்றிய பழைய சாமானைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். என் கடையிலும் அப்படித்தான் கேட்டு வாங்க வேண்டும்.

மகன் விஷயம் கொஞ்சம் நுணுக்கமானது. 350 சிசி வரைக்கும் வரி 18, தாண்டினால் 40 சதவீதம். அதனால்தான் 349 சிசி வண்டிகள் இப்போது கைக்கு எட்டுகிற மாதிரி தெரிகின்றன. ஆனாலும் ஆயுள் வரி 12 சதவீதம், ஐந்து வருடத் தேர்டு பார்ட்டிக்கு 7,365, எல்லாம் சேர்ந்து ஆன்ரோடு ஒன்றே முக்கால் லட்சத்தைத் தொடும். ஒன்றரை லட்சம் கடன் என்று வையுங்கள். அதே 11 சதவீத ஃபிளாட்டில் மூன்று வருடத்துக்கு மாதம் 5,542. நீங்கள் தயங்குவீர்கள். உடனே, “இன்னா சார், நாலு வருஷமா போட்டுக்கலாம், நாலாயிரத்து ஐநூறுதான் வரும்” என்பார்கள். ஆயிரம் ரூபாய் குறைந்தது போல இருக்கும். ஆனால் வட்டி 49,500இலிருந்து 66,000 ஆகிவிட்டது. விலை ஏற ஏற ஜனங்கள் சின்ன வண்டிக்கு இறங்குவார்கள் என்றுதான் நானும் ஒரு காலத்தில் நினைத்தேன். நடந்தது தலைகீழ். தவணை நீளம் விலையை மறைத்துவிடுகிறது, 100 சிசி கேட்டு வந்தவர் பெரிய வண்டியோடு போகிறார்.

பெட்ரோலையும் பாருங்கள். உங்கள் ஓட்டத்துக்கு லிட்டர் 102 ரூபாய் என்று வைத்தால், 60 கிலோமீட்டர் தருகிற வண்டிக்கு மாதம் 1,945. 35 தருகிற வண்டிக்கு 3,334. டியூவுக்கு மேல் மாதாமாதம் 1,400. மகனிடம் இந்த இரண்டு எண்களை மட்டும் எழுதிக் கொடுங்கள், அறிவுரை எதுவும் வேண்டாம். கல்லூரி முடித்து சம்பாதித்து அவனே வாங்கட்டும். அப்போது அந்த வண்டியை என் கடைக்குக் கொண்டுவந்தால் முதல் சர்வீஸுக்குக் கூலி வாங்க மாட்டேன்.

மின்சார ஸ்கூட்டரைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. 44 கிலோமீட்டருக்கு அது நன்றாகவே பொருந்தும், ராணிப்பேட்டையிலேயே தொழிற்சாலை இருக்கிறது, ஜி.எஸ்.டி.யும் 5 சதவீதம்தான். ஆனால் 2022இல் சார்ஜ் போட்டிருந்த வீட்டில் தீப்பிடித்து அப்பாவும் மகளும் இறந்ததை வேலூர்க்காரர்கள் மறக்கவில்லை, அந்தப் பயத்தை நான் கேலி செய்ய மாட்டேன். காற்றோட்டமான வாசலில் தனி லைன் இழுத்து எர்த் போட முடிகிறவர்கள் யோசிக்கலாம்.

கடைசியாக அந்த ஜனவரி மிரட்டல். நான் ஷோரூமில் இருந்த ஒவ்வொரு டிசம்பரிலும் வாசல் பலகையில் ‘1ஆம் தேதி முதல் விலை உயர்வு’ என்று எழுதுவோம். பொய் அல்ல, ஏறத்தான் செய்யும். பெரும்பாலும் ஆயிரம், இரண்டாயிரம். ஆனால் டிசம்பரில் எடுக்கிற வண்டி ஒரே மாதத்தில் ‘போன வருட மாடல்’ ஆகிவிடும், விற்கும்போது அதைவிட அதிகம் நஷ்டமாகும். இருப்பு தீர வேண்டிய அவசரம் அவர்களுக்குத்தான், உங்களுக்கு இல்லை.

என்றைக்காவது புது வண்டி எடுக்கும்போது கொட்டேஷனை வரி வரியாகப் பிரித்துத் தரச் சொல்லுங்கள். எக்ஸ் ஷோரூம், ஆயுள் வரி, பதிவு, இன்சூரன்ஸ், இந்த நான்கும் சரி. ‘ஹேண்ட்லிங்’ என்று தனியாக ஒரு தொகை இருந்தால் எதற்கு என்று கேட்டு நீக்கச் சொல்லுங்கள். கோட்டிங், சீட் கவர், கிராஷ் கார்டு எல்லாம் உங்கள் விருப்பம், வெளியே பாதி விலைக்குக் கிடைக்கும். சேலை கார்டு மட்டும் விடாதீர்கள். உங்களுக்கு ஏற்கெனவே 15 லட்சம் ரூபாய்க்கு விபத்துக் காப்பீடு இருந்தால், இன்சூரன்ஸில் அதே பெயரில் வருகிற தொகையும் தேவையில்லை. நான் பார்த்த கொட்டேஷன்களில் இப்படி நாலாயிரம் வரை இறங்கியிருக்கிறது.

உங்கள் ஆர்.சி. 2028 வரை செல்லும். அதற்கப்புறமும் ஓட்ட வேண்டும் என்றால் புதுப்பிக்கும் கட்டணமும் பசுமை வரியும் கட்ட வேண்டும். இப்போது ரிப்பேரை முடித்துவிட்டு, டியூ கட்டுவதாக நினைத்துக்கொண்டு மாதம் 2,960க்கு வங்கியில் மூன்று வருட ஆர்.டி. போடுங்கள். மூன்று வருடத்தில் அசல் மட்டுமே 1,06,560 சேர்ந்திருக்கும். அன்றைக்கு விலை என்னவாக இருந்தாலும் ஃபைனான்ஸ் மேஜைப் பக்கம் நீங்கள் போக வேண்டியிருக்காது.

பிளக் என்ன நிறத்தில் இருந்தது என்று எழுதுங்கள். ஈரக் கறுப்பு என்றால் மட்டும் உடனே எஞ்சினைப் பிரித்துவிடலாம், தை பிறக்கும் வரை காத்திருக்க வேண்டாம்.